இறங்க வேண்டியது கருவி, மனிதனல்ல

(திருச்சியில் தொழிலாளர்களும் தொழிற்கல்வி மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற பட்டறைத் தொழிலாளி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் பிட்டராக வேலை பார்த்தவன். இரும்பை அராவி மட்டம் பார்க்கத் தெரியும். மேடையில் நின்று பேசிப் பழக்கம் குறைவு. வார்த்தையில் பிசகு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிசகு இருந்தால் பொறுக்க வேண்டாம். எழுந்து நின்று கேளுங்கள்.

கஷ்டப்படும் குடும்பங்களுக்கு உதவுகிற கருவியைச் செய்ய ஒரு மாணவன் எப்படிக் கற்றுக்கொள்வது? இதைப் பற்றித்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல கேள்வி. இதற்கு நான் புத்தகத்திலிருந்து பதில் சொல்லப் போவதில்லை. நம்முடைய காலடியில் இருக்கும் ஒரு மூடியைத் திறந்து காட்டப் போகிறேன்.

கோபுரமும் மூடியும்

காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போகிறோம். 236 அடி உயரமுள்ள ராஜகோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது. அடிப்பாகம் எத்தனையோ காலம் மொட்டையாக நின்று, 1987ல்தான் அது பதின்மூன்று நிலைக் கோபுரமாகப் பூர்த்தியாயிற்று. வெளியூர் ஜனங்கள் எல்லோரும் அதை அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான், அதுவும் உழைப்பாளியின் கைவேலைதான். ஆனால் அண்ணாந்து பார்க்கும்போது நம் கால் எதன் மேல் நிற்கிறது என்று யாராவது குனிந்து பார்க்கிறோமா?

வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கான ஜனங்கள் வந்து கூடுகிறார்கள். வருகிறவர்கள் குளிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், கழிப்பிடம் போகிறார்கள். அந்தக் கழிவெல்லாம் எங்கே போகிறது? பாதாளச் சாக்கடைக்குள் போகிறது. வீடுகளிலும் சத்திரங்களிலும் உள்ள செப்டிக் டேங்குக்குள் போகிறது. அது அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுகிறார்கள்? துப்புரவுத் தொழிலாளியைக் கூப்பிடுகிறார்கள். "கொஞ்சம் இறங்கிப் பாருப்பா" என்கிறார்கள். கோபுரம் ஏறிக் கலசம் வைப்பவனை ஊர் முழுவதும் பார்க்கும். பாதாளத்தில் இறங்குபவனை ஒருவரும் பார்ப்பதில்லை. அவன் திரும்பி மேலே வராதபோதுதான் பத்திரிகையில் நாலு வரி வருகிறது.

இது நகரத்து விவகாரம், நமக்கு என்ன என்று கிராமத்திலிருந்து வந்திருக்கும் விவசாயத் தொழிலாளர்கள் நினைக்கலாகாது. இன்று கிராமந்தோறும் கழிப்பிடம் வந்துவிட்டது. தொட்டியும் கூடவே வந்துவிட்டது. தொட்டி ஒரு நாள் நிரம்பத்தான் செய்யும். அறுப்பு வேலை இல்லாத மாதத்தில் ஐந்நூறு ரூபாய் தருகிறேன், ஆயிரம் ரூபாய் தருகிறேன் என்று கூப்பிட்டால், கடன்பட்டவன் இறங்கத் துணிவான். மில் தொழிலாளர்களும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டியிலும் தோல் பதனிடும் இடத்துக் கழிவுத் தொட்டியிலும் இருப்பது இதே விஷக்காற்றுதான்.

விஷம் எப்படிக் கொல்கிறது?

மாணவர்கள் இதைப் பாடத்தில் படித்திருப்பார்கள். தொழிலாளிக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் உயிர் அவனுடையது.

மூடிய தொட்டியில் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது இதனால்தான். காற்றைவிடக் கனமானது, ஆகையால் அடியில் தங்கி நிற்கும். நாற்றம் அடித்தால் ஆபத்து, நாற்றம் நின்றுவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். விஷயம் நேர்மாறானது! இந்த வாயு காற்றின் 10 லட்சம் பங்கில் 100 பங்கு அளவுக்கு வந்துவிட்டால் மூக்கின் நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றது வாயு போனதால் அல்ல, மூக்கு செத்ததால். 700, 1000 பங்கு என்று ஏறிவிட்டாலோ ஓரிரு மூச்சில் ஆள் மயங்கி விழுவான். கத்தக்கூட அவகாசம் கிடைக்காது.

இதோடு மீத்தேன் என்ற வாயுவும் சேர்கிறது. அது பிராணவாயுவை விரட்டிவிட்டுத் தான் இடம் பிடித்துக்கொள்ளும். நாம் சுவாசிக்கும் காற்றில் 100க்கு 21 பங்கு பிராணவாயு. தொட்டிக்குள் அது சரிந்துபோய்க் கிடக்கும். தீக்குச்சியைக் கிழித்துப் போட்டு, எரிந்தால் இறங்கலாம் என்று பழைய ஆட்கள் பார்ப்பதுண்டு. மீத்தேன் இருக்கும் இடத்தில் தீக்குச்சி கிழித்தால் தொட்டியே வெடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு கொல்லும் அளவுக்கு இருந்தாலும் தீக்குச்சி எரியத்தான் செய்யும். ஆகவே தீக்குச்சி சாட்சி, பொய் சாட்சி!

இன்னொன்றையும் கவனியுங்கள். இத்தகைய விபத்துகளில் பெரும்பாலும் ஒருவர் மட்டும் சாவதில்லை. இரண்டு பேர், மூன்று பேர் என்று சாகிறார்கள். ஏன்? முதலில் விழுந்தவன் தம்பியாக இருப்பான். அவனைத் தூக்க அண்ணன் குதிப்பான். இருவரையும் தூக்க மூன்றாமவன் குதிப்பான். கோழைகள் அல்ல, பாசமுள்ளவர்கள்தான் சாகிறார்கள்.

சட்டம் இல்லையா?

இருக்கிறது. 2013ம் வருஷத்துச் சட்டம், மனிதக் கழிவை மனிதன் கையால் அகற்றும் வேலையைத் தடை செய்கிறது. பாதுகாப்புச் சாதனமின்றிச் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஆளை இறக்குவதையும் தடை செய்கிறது. முதல் தடவை குற்றம் செய்தால் 2 வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 வருஷம், 5 லட்சம் வரை போகும்.

1993ம் வருஷம் முதல் இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்ச ரூபாய் கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2014 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. இந்தத் தீர்ப்புகள் வானத்திலிருந்து விழவில்லை. 2014ம் வருஷத் தீர்ப்புக்கான வழக்கைத் தொடுத்தது சபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற துப்புரவுத் தொழிலாளர் இயக்கம். அதன் தலைவர்களில் ஒருவரான பெஜவாடா வில்சன், கோலார் தங்கவயலில் துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். 2016ல் மகசேசே பரிசு பெற்றவர்.

சட்டம் இருந்தும் சாவு நிற்கவில்லை. பார்லிமெண்டில் சர்க்கார் வைத்த கணக்குகளைப் பார்த்தால் நம் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. இது நமக்குப் பெருமையா? வெட்கக்கேடு!

ஒரு தொழிலாளியின் மகள்

இப்போது நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். அந்தக் குடும்பம் வேலை செய்து பிழைக்க வேண்டிய குடும்பம்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஓர் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி இருக்கிறார். வாரத்தில் ஆறு நாள் ஒப்பந்தக்காரரிடம் வேலை. ஞாயிற்றுக்கிழமை வீடுகளில் கூப்பிட்டால் செப்டிக் டேங்க் வேலைக்குப் போவார். அவருடைய மகள் பாலிடெக்னிக்கில் மெக்கானிகல் படிக்கிறாள், கடைசி வருஷம். முடிக்கும்போது மாணவர்கள் ஏதாவது ஒரு கருவி செய்து காட்ட வேண்டும். அந்தப் பெண் என்னிடம் வந்து, "தாத்தா, அப்பா வேலைக்கு ஒத்தாசையா ஒரு கருவி பண்ணப் போறேன். உங்க அரமும் வைஸும் வேணும்" என்றாள்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. "எடுத்துக்க கண்ணு. என்ன கருவி?" என்று கேட்டேன்.

சில நூறு ரூபாய்க்கு விஷவாயுவைக் கண்டுபிடிக்கும் சின்னச் சில்லு கடையில் கிடைக்கிறது. அதை ஒரு டப்பாவில் பொருத்தி, கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் விடுவது. வாயு இருந்தால் சிவப்பு விளக்கு எரிந்து மணி அடிக்கும். இல்லாவிட்டால் பச்சை விளக்கு. இரண்டு வாரத்தில் செய்துவிட்டாள். நேர்த்தியான வேலை. நானே மெச்சினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். நானும் கூடவே போயிருந்தேன்.

அவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நல்லாத்தான் இருக்கு பாப்பா. ஆனா ஒண்ணு கேக்கறேன். பச்சை விளக்கு எரிஞ்சா என்ன அர்த்தம்?" என்றார்.

"ஆபத்து இல்லேன்னு அர்த்தம்ப்பா."

"இல்லே தாயி. பச்சை விளக்கு எரிஞ்சா 'எறங்கு'ன்னு அர்த்தம். இன்னிக்கு நான் எறங்க மாட்டேன்னா, வாயு இருக்குமோன்னு பயமா இருக்குன்னு சொல்ல முடியுது. நாளைக்கு உன் டப்பாவ மேஸ்திரி வாங்கி வச்சுக்குவான். 'அதான் பச்சை எரியுதே, எறங்குடா'ம்பான். உள்ள போய்ச் சேத்தைக் கிளறினாத்தான்யா வாயு கிளம்பும். அப்ப பச்சை விளக்கு மேல இருக்கும். நான் கீழ இருப்பேன்."

தோழர்களே! முப்பத்தைந்து வருஷம் பட்டறையில் வேலை பார்த்த எனக்கு இது தோன்றவில்லை. டப்பாவின் மூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, அந்த டப்பா யார் கைக்குப் போகும், யாரைப் பார்த்து உத்தரவு போடும் என்று நான் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவளுடைய அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னார்: "அவரு போற ஞாயித்துக்கெழமையெல்லாம் போன் அடிச்சா எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. எறங்காம இருக்கறதுக்கு ஏதாச்சும் கண்டுபிடி. எறங்கறதுக்குக் கண்டுபிடிக்காதே."

இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியர் சொல்ல முடியும்? இறங்குகிறவனுக்குத் துணையாக ஒரு கருவி செய்வது வேறு. இறங்குவதையே ஒழிக்கும் கருவி செய்வது வேறு. முதலாவது இரக்கம். இரண்டாவது நியாயம்.

ஏன் இறங்க வேண்டியிருக்கிறது?

அந்தப் பெண் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. மறுநாளே நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்க ஆரம்பித்தாள். "லாரியில குழாய் வச்சு உறிஞ்சறாங்களே, அப்புறம் எதுக்குப்பா ஆள் எறங்கணும்?"

அவர் சொன்னார். மேலே தண்ணீர், அது உறிஞ்சினால் வந்துவிடும். அடியில் வருஷக் கணக்கில் படிந்த சேறு களிமண்ணைப் போல இறுகிக் கிடக்கும். குழாய் அதை இழுக்காது. ஆள் இறங்கிக் கடப்பாரையால் கிளறித் தண்ணீரோடு கலக்கிவிட்டால்தான் குழாய் இழுக்கும். தொட்டியோ பெரிது, வாயோ ஒன்றரை அடி, மிஞ்சினால் இரண்டடி. அந்த வாய்க்குள் மனிதன் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நுழைந்துவிடுகிறான். கருவி நுழையமாட்டேன் என்கிறது. அதுதான் சிக்கல்.

ஆக, செய்ய வேண்டிய கருவிக்கு மூன்று நிபந்தனை. சின்ன வாய்க்குள் நுழைய வேண்டும். உள்ளே போய்ப் பெரிதாக வேண்டும். இறுகிய சேற்றைக் கலக்க வேண்டும். இந்த மூன்று நிபந்தனையும் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. தொட்டியில் இறங்கியவன் தலையில் இருந்தது.

குடையைப் போல விரியும் கத்தி

இந்தச் சிக்கலை அவிழ்த்த மாணவர்கள் இருக்கிறார்கள்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் மேற்பார்வையில் திவான்ஷு குமார் என்ற மாணவர் தம் கடைசி வருஷப் படிப்பு வேலையாக இதை எடுத்துக்கொண்டார். 2019ல் அதை ஒரு போட்டியில் காட்டினார்கள். பின்னால் பலர் சேர்ந்து பல வருஷம் உழைத்து அதைப் பூர்த்தி செய்தார்கள். 'ஹோமோசெப்' என்று பெயர். ஒரு தண்டின் நுனியில் கத்திகள். மடக்கினால் சின்ன வாய்க்குள் நுழையும். உள்ளே போனதும் தலைகீழ்க் குடையைப் போல விரியும். சுழன்று இறுகிய சேற்றைக் கரைத்துக் கூழாக்கும். கூழானதை உறிஞ்சி வெளியே எடுத்துவிடலாம். மனிதன் மேலேயே நிற்கிறான்!

2022ல் முதல் இரண்டு கருவிகளைச் சபாய் கர்மசாரி ஆந்தோலனின் உதவியோடு இரண்டு சுய உதவிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். அந்தக் குழுக்களுக்குத் தலைமை தாங்கியவர்கள் யார்? இதே வேலையில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள். கணவன் இறங்கிச் செத்த வேலையை, மனைவியின் குழு யாரையும் இறக்காமல் யந்திரத்தால் செய்து முடிக்கிறது. இதை நினைத்துப் பாருங்கள்.

கேரளத்திலும் ஒன்று நடந்தது. 2015ல் கோழிக்கோட்டில் இரண்டு தொழிலாளர்கள் சாக்கடைக்குள் மாட்டிக்கொண்டார்கள். வழியே போன ஓர் ஆட்டோ ஓட்டுநர், முன்பின் அறியாத அந்த இருவரையும் காப்பாற்ற இறங்கினார். மூவரும் இறந்தார்கள். குற்றிப்புறத்து என்ஜினீயரிங் கல்லூரியில் ஒன்றாகப் படித்து வந்த இளைஞர் குழு ஒன்றை இந்தச் செய்தி உலுக்கியது. அவர்கள் 'பெருச்சாளி' என்று பொருள்படும் 'பாண்டிகூட்' என்ற யந்திரத்தைச் செய்தார்கள். 2018ல் திருவனந்தபுரத்தில் அது வேலை செய்யத் தொடங்கியது. நம் பக்கத்துக் கும்பகோணம் நகரசபைக்கும் அது வந்தது. சாக்கடையில் இறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களையே அதை ஓட்டப் பழக்கினார்கள். அள்ளுகிறவராக இருந்தவர் ஓட்டுகிறவராக ஆனார்.

இந்தச் செய்திகளையெல்லாம் அந்தப் பெண்தான் எனக்குப் படித்துக் காட்டினாள். "நாம ரெண்டு பேருமா சேந்து சின்னதா ஒண்ணு பண்ணலாமா தாத்தா?" என்றாள். பழைய ஸ்கூட்டர் உதிரி, குடைக்கம்பியைப் போல மடங்கும் நாலு பட்டை, வாடகைக்கு எடுத்த மோட்டார். எண்ணெய் டிரம்மில் காய்ந்த களிமண்ணைப் போட்டு விட்டுப் பார்த்தோம். முதல் நாள் பட்டை வளைந்துபோயிற்று. இரண்டாம் நாள் மோட்டார் சூடேறிப் புகைந்தது. அப்பா பக்கத்தில் நின்று, "சேறு இவ்வளவு எளக்கமா இருக்காது பாப்பா, இன்னும் கெட்டியாக் குழை" என்றார். மறுபடியும் குழைத்தாள். கருவி இன்னும் பூர்த்தியாகவில்லை. ஆனால் அந்தப் பெண் என்ஜினீயராகிவிட்டாள் என்று நான் சொல்வேன்.

அதே கல்லூரி, அதே பாடம்

திருச்சி மாணவர்களுக்கு இன்னொரு உதாரணம் சொல்கிறேன். 1950ல் ராமேஸ்வரத்துப் படகுக்காரர் வீட்டுப் பையன் ஒருவர் இங்கே செயின்ட் ஜோசப் கல்லூரியில் சேர்ந்தார். 1954ல் பௌதிகத்தில் பட்டம் வாங்கினார். அதன்பின் சென்னையில் என்ஜினீயரிங் படிக்கப் பணமில்லை. அவருடைய அக்காள் தம் நகையை அடகு வைத்துச் சேர்த்துவிட்டார். அந்தப் பையன்தான் அப்துல் கலாம்.

அவர் ஏவுகணை செய்தது எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அதுவல்ல. ஏவுகணைக்காக மிக இலேசான, ஆனால் உறுதியான ஒரு பொருளை அவருடைய ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கியிருந்தார்கள். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிலையத்து எலும்பு டாக்டர் ஒருவர் அங்கே வந்து அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். உடனே கலாமைத் தம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே சின்னக் குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேல் கனமான இரும்புச் சட்டத்தைக் காலில் மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள். மூன்றே வாரத்தில் 300 கிராமில் சட்டம் செய்து கொடுத்ததாகவும், குழந்தைகள் ஓட ஆரம்பித்ததைப் பார்த்துப் பெற்றோர் கண்ணீர் விட்டதாகவும் கலாமே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

இதில் நமக்கு என்ன பாடம்? பொருள் ஆய்வுக்கூடத்தில் ஏற்கனவே இருந்தது. குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஏற்கனவே இருந்தார்கள். இரண்டுக்கும் இடையே ஒரு நடை தூரம்தான் பாக்கி. அந்தத் தூரத்தை ஒருவர் கைபிடித்து நடத்திக் கூட்டிப் போகும்வரை ஏழைக் குழந்தையின் காலில் மூன்று கிலோ இரும்பு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. மாணவர்களே! உங்கள் கல்லூரிக்கும் துப்புரவுத் தொழிலாளியின் தெருவுக்கும் எத்தனை தூரம்? சைக்கிளில் போனால் கால் மணி நேரம் இருக்குமா?

யந்திரம் யார் கையில்?

இனி, விவசாயத் தொழிலாளர்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது. அதை நானே கேட்டுவிடுகிறேன். "ஐயா, யந்திரம் யந்திரம் என்கிறீர்களே! எங்கள் வயலுக்கும் யந்திரம் வந்தது. அறுவடை மிஷின் வந்தது. எங்கள் அறுப்புக் கூலி போயிற்றே!"

நியாயமான கேள்வி. காவிரிப் பாசனப் பகுதியில் குடும்பம் குடும்பமாக அரிவாள் எடுத்து அறுத்து, கூலி நெல்லைக் கொண்டு வருஷத்தில் பாதி நாள் அடுப்பெரித்தவர்கள் நம் ஜனங்கள். இன்று அறுவடை மிஷின் சில மணி நேரத்தில் வயலைத் துடைத்துவிட்டுப் போகிறது. முதுகு வளைந்து அறுக்கும் கஷ்டம் குறைந்தது உண்மைதான். ஆனால் முதுகோடு சேர்த்து வயிற்றையும் ஒட்டவைத்துவிட்டதே! மிஷின் தீயதா? மிஷினுக்கு நன்மையும் தெரியாது, தீமையும் தெரியாது. அது யாருக்குச் சொந்தம், அதனால் மிச்சமாகும் பணம் யார் பெட்டிக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சாக்கடை யந்திரத்துக்கும் இதே உரைகல்தான். ஓர் ஒப்பந்தக்காரர் யந்திரத்தை வாங்கி நிறுத்திக்கொண்டு, பத்துத் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், தொட்டியில் சாகாத குடும்பம் பட்டினியில் சாகும். இரண்டு கருவிகளைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களின் குழுக்களிடம் கொடுத்தார்களே, அது சரியான வழி. அதைச் செய்தவர்கள் கருவியை மட்டுமல்ல, கருவியின் சொந்தத்தையும் யோசித்தார்கள்.

அதோடு நின்றுவிடவும் முடியாது. "யந்திரம் கொடுத்துவிட்டோம், இனி பரம்பரை பரம்பரையாக நீங்களே இந்த வேலையைப் பாருங்கள்" என்று சொல்வதும் அநியாயமே. ஜாதியைப் பார்த்துத்தானே இந்த வேலையை அவர்கள் தலையில் கட்டினார்கள்? 2013ம் வருஷத்துச் சட்டமே மாற்று வேலையும் வீடும் பிள்ளைகளுக்குப் படிப்பும் தர வேண்டும் என்று சொல்கிறது. விரும்பியவர் யந்திரம் ஓட்டட்டும். விரும்பாதவர் வேறு வேலைக்குப் போகட்டும். அந்த விருப்பம் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

நாலு கேள்வி

முடிக்கிறேன். கருவி செய்யக் கற்கும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் வேலையைத் தொடங்கும் முன் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

ஒன்று: இந்த வேலையைத் தினமும் செய்கிறவரிடம் நான் போய்க் கேட்டேனா?

இரண்டு: என் கருவி ஆபத்தை ஒழிக்கிறதா, அல்லது ஆபத்துக்குப் பச்சை விளக்குக் காட்டுகிறதா?

மூன்று: இது கெட்டுப்போனால் நம் ஊர்ப் பட்டறையில் சரிசெய்ய முடியுமா?

நான்கு: கடைசியில் இது யாருக்குச் சொந்தமாகப் போகிறது?

தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மாணவர்கள் உங்கள் தெருவுக்கு வந்தால், "படிச்ச புள்ளைங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்று விரட்டாதீர்கள். உட்காரவைத்துச் சொல்லுங்கள். உங்கள் கைக்குத் தெரிந்தது அவர்கள் நோட்டில் ஏறட்டும். லேத் ஓட்டத் தெரிந்தவர்கள், வெல்டிங் தெரிந்தவர்கள், மோட்டார் சுற்றத் தெரிந்தவர்கள் இந்தத் திருச்சியில் எத்தனை ஆயிரம் பேர் இருக்கிறோம்! ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளைகளோடு நின்றால் குறைந்தா போய்விடுவோம்?

உங்கள் தெருவிலோ கிராமத்திலோ மில்லிலோ எந்தத் தொட்டிக்குள்ளாவது ஓர் ஆளை இறக்கப் போகிறார்கள் என்று கண்டால் வேடிக்கை பார்க்காதீர்கள். தடுத்து நிறுத்துங்கள். சட்டத்தைச் சொல்லுங்கள். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் நீங்களும் குதிக்காதீர்கள்; தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள். நகரசபையிடமும் ஊராட்சியிடமும் கருவி கேளுங்கள். கேட்டுக்கொண்டே இருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொழிலாளியை ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அவர் போனார். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "எறங்க மாட்டேன். லாரியக் கூப்பிடுங்க. சேறு இறுகிக் கெடந்தா தண்ணிய அடிச்சுக் கரைக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். அன்றைய கூலி போயிற்று. வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாராம்: "உன் மிஷின் எப்ப முடியும் பாப்பா? அதுவரைக்கும் நான் இப்படிச் சொல்லிக்கிட்டே இருக்கணும்."

அவர் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அப்படிச் சொல்ல முடியும்? பிள்ளைகளின் பீசும் வீட்டு வாடகையும் அவரை எத்தனை நாள் விட்டுவைக்கும்? அந்தக் கேள்விக்குப் பதில் அந்தப் பெண் ஒருத்தியின் கையில் மட்டும் இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் நம் எல்லோர் கையிலும் இருக்கிறது.

அந்தப் பெண்ணின் பழைய மோட்டார் புகைந்துவிட்டது என்று சொன்னேன். ஒரு நல்ல மோட்டார் வேண்டும். பட்டறைத் தோழர்கள் யாரிடமாவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.